பெரிய நம்பர் செட்டு

ஜனவரி 18, திங்கள்

டயர் கடைக்காரர் குடுத்த இந்த வருசத்து டைரி சுத்த மோசம். கோடு போட்ட மை வெளுத்துக் கெடக்குது. எழுதினா ஒரு வரி மேல ஏறுது, ஒரு வரி கீழ எறங்குது. போன வருசத்துது பளிச்சுன்னு இருந்துது. "ஓசியில வந்ததுக்கு இந்தப் பேச்சா?"ன்னு ருக்குமணி சிரிக்கிறா. எம் பொண்டாட்டி எதுக்கெடுத்தாலும் சிரிக்கிற ஆளு. கல்யாணத்தன்னைக்கு மணவறையில அருமைக்காரர் சீர் செய்யும்போதே சிரிச்சவ.

வண்டியில இன்னைக்கு ஒரு கூத்து. தாராபுரத்துல எட்டே காலுக்கு எடுக்கற பஸ்ஸு நம்முது. திருப்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. நம்ம பாட்டுக்காகவே முந்தின வண்டிய உட்டுட்டு நிக்கிற சனம் இருக்குது. வெடியால மொத டிரிப்புல முருகன், மாதா, நாகூர் ஆண்டவர்னு மூணு சாமிக்கும் ஆளுக்கொரு பாட்டு. அப்பறந்தான் மத்ததெல்லாம். இன்னைக்கு சாமிப் பாட்டு சீடின்னு நெனச்சுப் போட்டேன், குத்துப்பாட்டு அலறுது. பட்டையா விபூதி பூசிட்டு மொத சீட்டுல இருந்த வாத்தியார் காதப் பொத்திக்கிட்டாரு.

பாட்டு செட்டுமேலதான் தப்பு. பச்சை லைட்டு மங்கிப் போயி உள்ள ஓடற நம்பரே தெரியறதில்ல. "லைட்டு நல்லாத்தானுங்ணா எரியுது"ங்கிறான் அர்த்தநாரி. நம்ம கண்டக்டரு. அவன் கல்யாணத்துக்கு முன்னால இருந்தே எங்கூட வர்றவன், இப்ப அவனுக்கு ரெண்டு புள்ளைங்க. ஆனா செட்டப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? டிக்கெட் கிழிக்கிறவன் டிக்கெட் கிழிக்கோணும்.

ஜனவரி 19, செவ்வாய்

இன்னைக்கு நடந்தத எழுதவே கூசுது. எழுதாம உட்டா நெஞ்சுலயே நிக்கும்.

எதுத்தாப்புல எழவு வந்தா பாட்ட நிறுத்தோணும். வண்டிய ஓரமா ஒதுக்கி, பொணம் தாண்டிப் போற வரைக்கும் கம்முன்னு இருக்கோணும். எந்த டிரைவருக்கும் இத யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. ஸ்டியரிங் புடிக்கிற அன்னைக்கே தானா வந்துரும்.

கள்ளிமேட்டுப் பிரிவு தாண்டினா ரெண்டு பக்கமும் புளியமரம். வெயில்ல இருந்து அந்த நெழலுக்குள்ள நொழஞ்சா கொஞ்ச நேரம் எல்லாம் இருட்டாத்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஓரத்துல கூட்டமா ஆளுங்க தெரிஞ்சுது. கையக் கையக் காட்டினாங்க. ஏறத்தான் காட்டறாங்கன்னு நெனச்சேன். வண்டியில நிக்க எடமில்ல, பின்னால போட்டி வண்டி வேற. நீளமா ஹாரன் அடிச்சுட்டு ஒரே மிதி. உள்ள குத்துப்பாட்டு.

ரெண்டு மோட்டார் சைக்கிள் தொரத்தி வந்து குறுக்க நின்னுது. ஈர வேட்டியோட ஒரு பையன் கதவத் தொறந்து எஞ் சட்டையப் புடிச்சான்.

"எங்கம்மா போறாடா! ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்றியா? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

அடிச்சிருந்தாக்கூடத் தேவலாம். அவன் அழுதுட்டே கத்தறான். 

அர்த்தநாரி ஓடியாந்து அவன் கால்லயே உழுந்துட்டான். "செட்டு மக்கருங்க சாமி. நிறுத்த நிறுத்த நிக்கலைங்க. அண்ணன் அதக் குனிஞ்சு பாக்கப் போயி ரோட்டப் பாக்கலைங்க. பெரிய மனசு பண்ணி உட்ருங்க."

அந்தப் பேச்ச நான் பேசல. அவன்தான் பேசினான். நான் ஆமாங்கன்னேன்.

ஜனவரி 20, புதன்

மொதலாளி கூப்பிட்டு உட்டாரு. கத்துவாருன்னு நெனச்சுப் போனேன், காப்பி குடுத்தாரு. அது இன்னும் சங்கட்டமாப் போச்சு.

"நாச்சிமுத்து, உம்மேல இத்தன வருசத்துல ஒரு பிராது வந்ததில்ல. என்னப்பா இது?"

"செட்டுங்க. நம்பரு மொளகு சைசுல இருக்குதுங்க. எது பட்டன், எது என்னன்னே தெரியறதில்ல. நிறுத்தறதுக்குள்ள தாண்டிப் போயிருச்சுங்க."

"அப்ப மாத்திரு. நம்பரு நல்லாப் பெருசாத் தெரியற செட்டா நீயே பாத்து வாங்கு. செட்டுக் கடை யூசுப் பாய்கிட்டச் சொல்லி வெக்கிறேன்."

  செட்டு மாறினா எல்லாம் செரியாப் போயிரும்.

ஜனவரி 22, வெள்ளி

பஸ் ஸ்டேண்டு டீக்கடையில சின்னப் பசங்க கேலி. "சீடியெல்லாம் இப்ப யாருங்ணா போடறாங்க? பென்டிரைவ் மாட்டுங்க, ஆயிரம் பாட்டு வரும்." ஆயிரம் பாட்டு வரும், ஆயிரம் பேரு பொடி எழுத்துல ஓடும். அதுல ஒண்ணத் தேடிப் படிச்சு எடுக்க நான் என்ன பரிச்சையா எழுதறேன்? சீடின்னா சுளுவு. சாமிப் பாட்டு ஒறையில ஒரு முக்க மடிச்சு வெச்சிருக்கேன், பழைய பாட்டுக்கு ரெண்டு முக்கு. கையில தடவினாப் போதும், ரோட்டுல இருந்து கண்ண எடுக்கவே வேண்டியதில்ல. அர்த்தநாரி நான் தடவறதையே பாத்துட்டு இருந்தான். என்னடான்னேன். ஒண்ணுமில்லீங்ணான்னான்.

திரும்பும்போது சைக்கிள் ஸ்டேண்டுப் பக்கம் போகாம சுத்தி வந்தேன். அங்க காளியண்ணன் டோக்கன் கிழிச்சுட்டு உக்காந்திருப்பாரு. ஒரு காலத்துல மதுரை ரூட்டுல ராசாவாட்டம் ஓட்டின மனுசன். சக்கரையில கண்ணு போச்சு. இப்ப கொரல வெச்சு ஆளக் கண்டுபுடிக்கிறாரு. "நாச்சிமுத்தா? என்னப்பா, வண்டி எப்படி ஓடுது?"ன்னு கேப்பாரு. அந்தக் கேள்வி எனக்கு ஆகறதில்ல. பயமா இருக்குது, அவ்வளவுதான். வண்டியில இருந்து எறங்கிட்டா நான் யாரு? நாச்சிமுத்துன்னா யாருக்குத் தெரியும்? எட்டே கால் வண்டி டிரைவருன்னாத்தான் தெரியும்.

ஜனவரி 24, ஞாயிறு

வண்டி இன்னைக்கு வாட்டர் சர்வீசு. நானும் அர்த்தநாரியும் யூசுப் பாய் கடைக்குப் போனோம்.

பாய் மொதல்ல எடுத்துக் காட்டினது நீல லைட்டு செட்டு. ஊரே இதத்தான் கேக்குதுன்னாரு. அழகாத்தான் இருக்குது, ஆனா நம்பரு தண்ணிக்குள்ள கெடக்கறாப்பல கரையுது. அடுத்தது செவப்பு. நம்பரு பெருசு, ஆனா தலமுடியாட்டம் ஒல்லி. இன்னொண்ணுல பாட்டுப் பேரு எறும்பு ஊர்றாப்பல போயிட்டே இருக்குது. என்ன எழுத்துன்னு கூட்டிப் படிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் ஓடிப் போயிருது.

"பாய், கையில வெச்சுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். டிரைவர் சீட்டுல உக்காந்து பாக்கறாப்பல வெய்ங்க."

ஸ்டூல் மேல வெச்சாரு. தள்ளச் சொன்னேன். கிட்ட இழுக்கச் சொன்னேன். வெயில் அடிச்சா எப்படித் தெரியும்னு வாசப்படிக்குத் தூக்கியாரச் சொன்னேன். வெயில்ல பாதி செட்டு வெறும் கண்ணாடியாட்டம் ஆயிருச்சு, நம்பரே காணோம். "இது நல்ல ரோசனைண்ணே, இத யாரும் கேட்டதில்ல"ன்னு பாயே ஒத்துக்கிட்டாரு. அப்பறம் ஷட்டரப் பாதி எறக்கி இருட்டுல ஒருவாட்டி பாத்தேன்.

"அண்ணே, பொண்ணு பாக்கப் போறவன்கூட இத்தன தரம் எந்திரிச்சு நடக்கச் சொல்ல மாட்டான். நீங்க பாட்டுக் கேக்கப் போறீங்களா, படிக்கப் போறீங்களா?"

கடைசியில மேல அட்டத்துல கெடந்த ஒரு பழைய மாடல எறக்கினாரு. கருப்பு மேல மஞ்ச நம்பரு. கட்டவெரல் தண்டிக்கு ஒவ்வொண்ணும். பேரு கீருன்னு ஒண்ணும் ஓடறதில்ல, எத்தனாவது பாட்டுன்னு மட்டும் நிக்கும். சவுண்டுக்குத் திருகற குமிழு. நிறுத்தறதுக்குன்னு தனியா ஒரு பெரிய பட்டன், கண்ண மூடிட்டு அமுக்கலாம். இதான் செட்டுன்னேன்.

பாய் ஸ்டூல சொவத்தோரம் தள்ளி வெச்சு, எதையோ அமுக்கிட்டு, "இப்ப என்ன நம்பருண்ணே?"ன்னாரு.

"எட்டு."

பாய் அர்த்தநாரியப் பாத்தாரு. அர்த்தநாரி ஃபேனப் பாத்தான்.

"மூணுண்ணே."

"வெளிச்சம் பட்டுதுல்ல, அதான்"னேன்.

"பக்கத்துல நம்ம மாப்ளைதான் கண்ணாடிக் கடை வெச்சிருக்காப்ல. ஒரு நிமிசம் எட்டிப் பாத்துட்டு வந்துருங்களேன்."

பாட்டு செட்டு வாங்க வந்தவனுக்கு மூக்குக் கண்ணாடி எதுக்கு? யாவாரிப் புத்தி! டீ மட்டும் வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டோம். செட்ட அந்தாண்ட தள்ளி மாட்ட வேண்டாம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே மாட்டுங்கன்னு சொல்லியிருக்கேன். கிட்ட இருந்தா பளிச்சுன்னு தெரியுது.

ஜனவரி 25, திங்கள்

செட்டு மாட்டியாச்சு. சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லா நம்பரும் தெரியுது! முருகன் முருகனாவே வந்தாரு. எங் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல, இத்தன நாளா அந்தப் பாழாப்போன பச்சை லைட்டுதான் என்னய ஏமாத்திருக்குது. வாத்தியார்கூட "சவுண்டு பரவால்லப்பா"ன்னாரு. சந்தோசத்துல ருக்குமணிக்கு மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தேன். "செட்டுக்குச் சாத்தினது போக மிச்சமா?"ன்னு கேட்டுச் சிரிச்சா.

ஜனவரி 28, வியாழன்

அர்த்தநாரிக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. டிக்கெட் போட்டு முடிச்சா முன்னயெல்லாம் பின்னால போயி உக்காருவான், ஒரு தூக்கம்கூடப் போடுவான். இப்ப முன் படிக்கட்டே கதின்னு நிக்கிறான். வாயும் ஓயறதில்ல. "மாடு பாருங்ணா எத்தச்சோடு பெருசா இருக்குது!" "அந்தப் பொம்பள புள்ளையத் தூக்கிட்டு எங்கீங்ணா ஓடுது?" "புதுசா ஒரு மேடு போட்டிருக்காங்க பாத்தீங்களா?" ரோட்டுல இருக்கறதையெல்லாம் ஒண்ணு உடாம ஒப்பிக்கிறான். காது வலிக்குது. "ஏன்டா, நான் என்ன குருடனா?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். மூஞ்சி சின்னதாப் போச்சு. அப்பவும் நகரல.

பிப்ரவரி 1, திங்கள்

வெடியால சீட்டுல ஏறினதும் செட்டப் போட்டு நம்பரு பாக்கறது இப்ப பழக்கமாயிருச்சு. மூணு தெரியுது, எட்டு தெரியுது. செரி, எடுக்கலாம். இன்னைக்கு மூணும் எட்டும் ஒண்ணாட்டமே இருந்துது. துண்டால கண்ணாடியத் தொடச்சேன். செட்டோட கண்ணாடியத்தான் சொல்றேன்.

எதுத்தாப்புல வர்ற டிரைவருக கை தூக்கினா நான் திரும்பத் தூக்கறதில்லையாம். நாச்சிமுத்துக்குத் தலக்கனம்னு ஸ்டேண்டுல பேச்சு. பேசட்டும். புதுசா வந்தவனுக எவன் எவன்னு யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 3, புதன்

எழுத ஒண்ணுமில்ல. பொழுதோட எதுத்தாப்புல வர்ற லைட்டெல்லாம் பூச்சட்டி வெடிச்சாப்பல பூக்குது. இப்ப வர்ற பல்பு அப்படி.

பிப்ரவரி 6, சனி

ருக்குமணி இன்னைக்குச் சிரிக்கல.

சோறு போட்டு வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்தா. "காத்தால எங்கக்கா ஊட்டுக்குப் போலாம்னு நம்ம ஸ்டாப்புல நின்னேன். உங்க வண்டிதான் வந்துது. கை காட்டினேன்"னா.

நான் சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தேன்.

"ஸ்டாப்புல நான் ஒருத்திதான் நின்னேன். வண்டிய மெதுவாக்கினீங்க. எம் மூஞ்சிய நேராப் பாத்தீங்க. அப்பறம் போயிட்டீங்க. அர்த்தநாரி உள்ள கூட்டத்துக்குள்ள இருந்தாப்ல போல."

"டைமிங்கு. பின்னால போட்டி வண்டி. பாத்துட்டுத்தான் போனேன், நீ அடுத்த வண்டியில வந்துருவேன்னு எனக்குத் தெரியாதா?"

"என்ன சீல கட்டியிருந்தேன்?"

"ஏன், இப்ப என்ன பரிச்சையா?"ன்னு தட்ட நகத்திட்டு எந்திரிச்சுட்டேன். கோவிச்சுட்டாப்பல வாசல்ல வந்து நின்னேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. எம் மூஞ்சிய அவ பாக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். ஸ்டாப்புல யாரோ நின்னாங்க, அது தெரியும். பொம்பளைன்னு தெரியும். எம் பொண்டாட்டின்னு தெரியல.

அந்தக் கடைசி மூணு வரிய அடிச்சுரலாம்னு பாத்தேன். கெடக்கட்டும்.

பிப்ரவரி 9, செவ்வாய்

தை கழியற வரைக்கும் நம்ம பக்கத்து ரோடெல்லாம் கொள்ளுக் கொடிதான். களத்துல போட்டு அடிக்கிறதுக்குப் பதிலா ரோட்டுல பரப்பி உட்டா, போற வர்ற சக்கரமே அடிச்சுக் குடுத்துரும். நாங்களும் வேணும்னே அதும் மேலயே ஏத்துவோம். காட்டுக்காரங்க கும்புடுவாங்க. ஹாரன்கூட அடிக்கறதில்ல. ஆளப் பாத்துட்டா வளைப்போம், வெறும் கொடின்னா ஏத்துவோம்.

இன்னைக்கு சந்தைக் கூட்டம். அர்த்தநாரி பின்னால மாட்டிக்கிட்டான். பாட்டு நல்ல சத்தம். தூரத்துல ரோட்டு மேல பழுப்பாப் பரந்து கெடக்கறது தெரிஞ்சுது. நடுவால ஒரு குமிச்சல். கொள்ளா, இல்ல எழவுக்குத் தூவின பூவா? கள்ளிமேட்டுல பட்டது இன்னும் நெஞ்சுல நிக்குதே! எதுக்கு வம்பு, பாட்ட நிறுத்திருவோம்னு அந்தப் பெரிய பட்டன அமுக்கினேன். கால எடுக்கல. பூவா இருந்தா மெதுவாக்கலாம், கொள்ளா இருந்தா ஏத்திரலாம்னு மிதிச்சுட்டேதான் இருந்தேன்.

பாட்டு நின்னதும் விசில் கேட்டுது. மூச்சு உடாம, உயிரே போறாப்பல விசில். பின் படிக்கட்டுல வெளிய தொங்கிட்டு அர்த்தநாரி அடிக்கிறான். பாட்டு நிக்கறதுக்கு முன்னாலயே அடிக்க ஆரம்பிச்சுட்டானாம். எனக்குத்தான் கேக்கல.

பிரேக்குல ஏறி நின்னேன். சனமெல்லாம் முன்னால வந்து உழுந்துது. கொள்ளு மேல சக்கரம் வழுக்குது, வண்டி வால ஆட்டுது, நிக்கவே மாட்டீங்குது. அப்பறம் நின்னுது.

அந்தக் குமிச்சல் எந்திரிச்சு நின்னுது.

ஒரு அம்மா. பழுப்புச் சீல. கொடிக்கு நடுவால உக்காந்து கல்லுப் பொறுக்கிட்டு இருந்திருக்குது. பம்பருக்கும் அதுக்கும் நடுவால ஒரு மொறம் வெக்கிற எடந்தான். அதுக்குப் பயமே இல்ல. டிரைவருக பாத்து ஒதுங்கிப் போவாங்கங்கிற நம்பிக்கை, வருசா வருசம் உக்கார்றதுதான? "ஏஞ்சாமி, கிட்ட வந்து நிறுத்திப் போட்ட? வளைச்சுட்டுப் போறதுதான?"ன்னு என்னயவே கேக்குது.

வண்டிக்குள்ள ஒரே பேச்சு. "நாச்சிமுத்தாட்டம் டிரைவர் உண்டா! எத்தனை தூரத்துல பாத்துட்டாரு பாரு, பாட்டக்கூட நிறுத்திட்டாரு!" வாத்தியார் எந் தோளத் தட்டினாரு. அந்தம்மா கீழ நின்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. "உங் கண்ணுக்கு ஒரு கொறையும் வராது சாமி"ன்னுச்சு.

யாராச்சும் என்னயச் செவுட்டுல ரெண்டு உட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அர்த்தநாரி முன்னால வந்து எம் பக்கத்துல பானட் மேல உக்காந்தான். அதுக்கப்பறம் திருப்பூர் வரைக்கும் அவன் சொல்லச் சொல்ல ஓட்டினேன். "எடப்பக்கம் சைக்கிளுங்ணா. மேடு வருதுங்ணா. இப்ப ஒண்ணுமில்ல, போங்க." மாட்டு வண்டி வேகம். டைமிங் போச்சுன்னு சனம் திட்டுச்சு. பாட்டுப் போடல.

ஸ்டேண்டுல வேற டிரைவரக் கெஞ்சித் திரும்பற டிரிப்ப எடுக்கச் சொல்லிட்டு, நாங்க ரெண்டு பேரும் டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தீவாளிக்கே தெரியுமுங்ணா. ரூபாய் நோட்டத் தடவித் தடவிப் பாத்தீங்க."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"செவுட்டுல உட்டிருப்பேன்."

"அதானுங்ணா." டீ கெளாச உருட்டிட்டே இருந்தான். "நான் கூடவே நின்னாப் போதும்னு நெனச்சுட்டனுங்ணா. நான் உங்களுக்குக் கண்ணா இருந்துக்கலாம்னு பாத்தேன். இன்னைக்கு அந்தம்மா செத்திருந்தா, பாதி நான் கொன்னதுங்ணா."

அவன் அழுதான். நானும் அழுதேன். டீக்கடைக்காரன் பாத்துட்டு யாராச்சும் தவறிட்டாங்களான்னு கேட்டான்.

பிப்ரவரி 10, புதன்

வெடிஞ்சதும் வண்டிச் சாவியோட மொதலாளி ஊட்டுக்குப் போனேன். ஊஞ்சல்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு.

"வாப்பா. நேத்து ஒரு உசுரக் காப்பாத்தினியாமே. போன் மேல போன். செட்டு எப்படி இருக்குது?"

"செட்டு நல்லா இருக்குதுங்க." சாவிய ஊஞ்சப் பலகை மேல வெச்சேன். "மொத செட்டும் நல்லாத்தானுங்க இருந்துது."

அவருக்கு மொதல்ல வெளங்கல. பேப்பர மடிச்சு வெச்சாரு. எம் மூஞ்சியவே பாத்தாரு. அப்பறம் வெரல நீட்டி, "இது எத்தன?"ன்னாரு. ஒண்ணா ரெண்டான்னு எனக்குத் தெரியல, தெரியலைங்கன்னேன். இத்தன நாள்ல தெரியலன்னு நான் சொன்னது அதான் மொதத் தடவை.

காப்பி வரல. எந்திரிச்சுட்டாரு. "அறுபது பேர ஏத்திட்டுப் போற வண்டிடா அது! பள்ளிக்கூடத்துப் புள்ளைக போகுது. எம் பேத்தி போறா அதுல!"  எனக்கு வேணும், நல்லா வேணும்னு நின்னு கேட்டேன். "அர்த்தநாரிக்குத் தெரியுமா?"ன்னாரு.

"தெரியாதுங்க. நான் சொல்லவே இல்ல."

இந்த ஒரு பொய்க்கு மட்டும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கல.

ஊட்டுக்கு வந்து ருக்குமணிகிட்ட, "அன்னைக்கு உன்னய நான் பாக்கல, ருக்கு"ன்னேன். "தெரியுமுங்க"ன்னா. "பச்சைச் சீல கட்டியிருந்தேன். நீங்க எடுத்துக் குடுத்தது." அதுக்கப்பறம் எங் கையப் புடிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. வண்டி போன சத்தம் கேட்டுது. நேரம் பாக்காமயே எட்டே கால் வண்டின்னு தெரிஞ்சுது.

பிப்ரவரி 15, திங்கள்

இத ருக்குமணி வாங்கிக் குடுத்த மொத்தமான மார்க்கர்ல எழுதறேன். பக்கத்துக்கு அஞ்சு வரிதான் புடிக்குது. டைரியில தப்பு ஒண்ணுமில்ல, கோடெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காங்களாம்.

திருப்பூர் கண்ணாஸ்பத்திரி. சக்கரையும் இருக்குதாம், பொரையும் இருக்குதாம். பொரைய எடுத்தா ஆளு அடையாளம் தெரியும், நடமாடலாம். சக்கரை தின்னது திரும்பாது. "பெரிய வண்டி ஓட்டறத மறந்துருங்க"ன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. "ஒரு வருசம் முன்னால வந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, எம் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திருச்சு.

போகும்போது நடந்தத எழுதோணும். நம்ம வண்டியிலதான் போனோம். டிக்கெட் எடுத்தேன், அர்த்தநாரி வாங்க மாட்டேன்னான், ருக்குமணி அவன் பையிலயே திணிச்சா. வாழ்க்கையில மொதத் தடவை அந்த வண்டியில பாசஞ்சர் சீட்டுல உக்காந்தேன். எத்தன குலுங்குது! சனம் ஒருநாள்கூட எங்கிட்ட அதச் சொன்னதில்ல. புது டிரைவர் சின்னப் பையன், நல்லாத்தான் ஓட்டறான். செட்டு வெளிச்சம் கண்ணக் கூசுதுன்னு அது மேல துண்டப் போட்டு மூடி வெச்சிருக்கானாம். அர்த்தநாரி தயங்கித் தயங்கிச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ருக்குமணியும் சிரிச்சா.

கள்ளிமேட்டுப் பிரிவு தாண்டினதும் வெயில் போயி நெழல் வந்துது. அப்பப் பாட்டு நின்னுது. வண்டி மெதுவாகி ஓரத்துல ஒதுங்குச்சு. உள்ள ஒருத்தரும் பேசல.

"எழவா?"ன்னு கேட்டேன்.

"ஆமாங்ணா"ன்னான் அர்த்தநாரி.

அந்த ஈர வேட்டிப் பையன் ஊடு இங்கதான் எங்கயோ இருக்குது. நாளைக்கு வந்து எறங்கோணும். செட்டு மேல தப்பில்ல சாமின்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்.

எந்திரிச்சு நின்னு, ஜன்னலப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டேன். அர்த்தநாரி எந் தோளப் புடிச்சு மெதுவா எழவு போற பக்கம் திருப்பி உட்டான்.